தன் பெயரை மறைக்காத இசைமேதை: யெஹுதி மெனுஹின்

 

நாம் வாழும் சுவிற்சர்லாந்து நாட்டின் பேர்ண் மாநிலத்தில், அல்ப்ஸ் மலைத்தொடரின் மடியில் சானென் என்னும் ஊர் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் உள்ள இவ்வூராட்சியின் எல்லைக்குள் அடங்கியதே, பனிச்சறுக்கு விளையாட்டினால் உலகப் புகழ் பெற்ற கிஷ்டாட் கிராமமாகும். மர வீடுகளும், கழுத்தில் மணி கட்டிய பசுக்கள் மேயும் புல்வெளிகளும் நிறைந்த இப்பள்ளத்தாக்கிற்குக் குளிர்காலத்தில் செல்வந்தர் பலர் வந்து செல்வர். கோடை காலத்திலோ, இசையைக் கேட்பதற்கென்றே பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து கூடுகின்றனர். சானெனில் உள்ள, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தேவாலயத்தின் மர இருக்கைகளில் அமர்ந்து, மேலைத்தேயச் செவ்விசையில் தேர்ந்த கலைஞர்களின் வாசிப்பை அவர்கள் கேட்டு மகிழ்கின்றனர்.

அவ்விசைவிழா ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் அவ்வூரிற் பிறந்தவர் அல்லர். இந்நாட்டிற் பிறந்தவரும் அல்லர். நாடு விட்டு நாடு சென்ற பெற்றோருக்கு மகனாகப் பிறந்தவர். அவரே யெஹுதி மெனுஹின் என்னும் வயலின் மேதை.

இம்மலருக்கு அவருடைய வரலாற்றை எழுத நாம் எண்ணியமைக்குக் காரணம் ஒன்று உண்டு. எமது வகுப்பில் புதிய கொப்பிகள் வழங்கப்பட்ட நாளில், பிள்ளைகள் சிலர் தமது பெயரை இரண்டு மூன்று எழுத்துக்களாகச் சுருக்கி எழுதியிருந்தனர். காரணம் கேட்டபோது, கிழமை நாட்களிற் செல்லும் பாடசாலையில் முழுப்பெயரை எவராலும் உச்சரிக்க இயலவில்லை என்றும், சிலர் சிரிக்கின்றார்கள் என்றும் கூறினர். நாம் அவர்களைக் கண்டிக்கவில்லை. ஊரில் பல ஆண்டுகள் இடாப்பைப் பார்த்து மாணவரின் பெயர்களை அழைத்த நாம், அகதியாக இங்கு வந்த நாளில், பதிவு செய்த அலுவலர் எம்மை எமது தந்தையாரின் பெயரால் அழைக்க, அது யாரை அழைப்பது என்று அறியாது வாளாவிருந்தோம். பெயர் ஒருவருக்கு எத்துணை பாரமாக ஆகக்கூடும் என்பதை அன்று உணர்ந்தோம். அப்பாரத்தைச் சுமந்து, அதனையே தமக்கு அணியாக்கிக் கொண்டவர் மெனுஹின்.

பெயர் பிறந்த கதை

மெனுஹினின் தந்தையார் மோஷே, தாயார் மருதா. இருவரும் ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிற் பிறந்த யூதர்கள். பலஸ்தீனத்தில் இளமையின் ஒரு பகுதியைக் கழித்த பின்னர் அமெரிக்காவை வந்தடைந்தவர்கள். நியூயோர்க் நகரில் மணம் புரிந்து, முதற் குழந்தையை எதிர்பார்த்திருந்த வேளையில் அவர்கள் வாடகைக்கு வீடு தேடி அலைந்தனர். ஓரிடத்தில் வீட்டுக்காரப் பெண்மணி வீட்டைக் காட்டி முடித்த பின், தாம் யூதருக்கு வீடு கொடுப்பதில்லை என்று பெருமையுடன் கூறினாராம். வந்திருப்பவர்களே யூதர்கள் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அவ்வீட்டை விட்டு வெளியேறிய தாயார், பிறக்கப்போகும் பிள்ளையின் பெயர் அதன் குலத்தை உலகிற்கு அறிவிப்பதாக இருக்க வேண்டும் என்று அப்போதே உறுதி பூண்டார். 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி பிறந்த ஆண்குழந்தைக்கு யெஹுதி என்று பெயரிட்டனர். ஹீப்ரு மொழியில் அச்சொல்லுக்கு யூதன் என்பதே பொருள். இந்நிகழ்ச்சியை மெனுஹின் தமது தன்வரலாற்று நூலில் எடுத்துரைத்துள்ளார்.

பின்னர் அக்குடும்பம் சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையார் செய்த தொழில் எது என்பதை அறிந்தால் நம் பிள்ளைகள் வியப்படைவர். புலம்பெயர்ந்து வாழ்ந்த யூதப் பிள்ளைகளுக்கு ஹீப்ரு மொழி கற்பிக்கும் பாடசாலைகளை அவர் தலைமை தாங்கி நடத்தினார். எமது தமிழ்ப் பாடசாலையைப் போன்றவையே அவை. 1919ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது குடும்பப் பெயரின் எழுத்துக்களைச் சற்று மாற்றி மெனுஹின் என அமைத்துக் கொண்டனர். ஆனால் பிள்ளையின் பெயரிற் கைவைக்கவில்லை.

வயலின் கைக்கு வந்த விதம்

பிள்ளையை வீட்டில் தனியே விட்டுச் செல்ல வசதியற்ற பெற்றோர், தாம் இசையரங்கிற்குச் செல்லும்போது கைக்குழந்தையாக இருந்த யெஹுதியையும் உடன் கொண்டு சென்றனர். வயலினின் நாதம் அக்குழந்தையின் உள்ளத்திற் பதிந்தது. நான்கு வயதளவில் தனக்கு வயலின் வேண்டும் என்று கேட்டான் யெஹுதி. குடும்ப நண்பர் ஒருவர் தகரத்தாற் செய்த விளையாட்டு வயலினைப் பரிசளித்தார். அதில் இனிய நாதம் எழாமையைக் கண்ட சிறுவன் சினந்து அதனை வீசி எறிந்து அழுதான். பாட்டியார் அனுப்பிய பணத்தைக் கொண்டே அவனுக்கு மெய்யான வயலின் வாங்கப்பட்டது.

லூயி பெர்சிங்கர் என்பாரிடம் பயின்ற சிறுவன், 1924ஆம் ஆண்டில், ஏழு வயதில், சான் பிரான்சிஸ்கோ இசைக்குழுவுடன் மேடையேறினான். அதன்பின் பாரிஸ் நகரில் ருமேனிய நாட்டு மேதை ஜோர்ஜ் எனெஸ்குவிடம் பாடம் கேட்டான். 1927 நவம்பரில், 11 வயதில், நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் பேத்தோவனின் வயலின் இசைப்படைப்பை வாசித்தபோது நகரமே வியந்தது. 1929 ஏப்ரலில், 13 வயது நிறையுமுன், பேர்லின் நகரில் ஒரே மாலையில் பாக், பேத்தோவன், பிராம்ஸ் ஆகிய மூவரின் பெரும் படைப்புக்களையும் வாசித்தான். அதனைத் தொடர்ந்து நம் நாட்டுப் பாசல் நகரில் அடோல்ஃப் புஷ் என்னும் ஜேர்மானிய வயலின் ஆசானிடம் பயின்றான். 1932இல், 16 வயது இளைஞராக, 75 வயது முதியவரான எட்வர்ட் எல்கர் இயற்றிய படைப்பை அவரே நெறிப்படுத்த, இலண்டனில் இசைத்தட்டிற்காக வாசித்தார்.

முறையான பாடசாலைக் கல்வி அவருக்குக் கிட்டவில்லை, வீட்டிலேயே கற்றார். தங்கையர் ஹெப்ஸிபா, யால்டா இருவரும் பியானோ வாசிப்பதில் வல்லவர்கள். மூத்த தங்கை ஹெப்ஸிபா பல ஆண்டுகள் அண்ணனுடன் இணைந்து மேடைகளில் வாசித்தார்.

புகழ் வந்த இடத்தில் கேலியும் வந்தது. 1930களின் இறுதியில் அமெரிக்க வானொலி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் யெஹுதி என்ற பெயர் கேலிச் சொல்லாக ஆளப்பட்டு, நாடெங்கும் பரவியது. எவரும் எளிதில் உச்சரிக்கக்கூடிய வேறொரு பெயரை மேடைக்கெனச் சூடிக்கொள்வது அக்காலக் கலைஞரிடையே வழக்கமாயிருந்தது. மெனுஹின் அவ்வாறு செய்யவில்லை.

போரும் அதன் பின்னும்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து யூதக் கலைஞர்களை மேடைகளிலிருந்து அகற்றத் தொடங்கினார். அவ்வேளையில் ஜேர்மனியின் தலைசிறந்த இசைநெறியாளர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர், தம்முடன் வந்து வாசிக்குமாறு மெனுஹினை அழைத்தார். தமது இனத்தவர் துரத்தப்படும் நாட்டில் வாசிப்பதில்லை என்று அந்த 17 வயது இளைஞர் மறுத்துவிட்டார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைவீரர்களுக்காக 500க்கும் மேற்பட்ட கச்சேரிகளை நிகழ்த்தினார்.

1945 யூலை மாதத்தில், ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுடன் பெர்கன்-பெல்சன் என்னும் இடத்திற்குச் சென்றார். அது பல்லாயிரம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்ட நாசி வதைமுகாம். பிரித்தானியப் படையினர் அதனை மீட்டு மூன்று மாதங்களே கடந்திருந்தன. உயிர் தப்பி எஞ்சியவர்கள் போவதற்கு இடமின்றி அவ்விடத்திலேயே தங்கவைக்கப்பட்டிருந்தனர். அவர்கள் முன் பிரிட்டன் பியானோ வாசிக்க, மெனுஹின் வயலின் வாசித்தார். முகாம் வாழ்வு இன்னதென்று அறிந்த பெற்றோர் எம்மிடையே உளர். அவர்களுக்கு அக்காட்சியை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்து அவர் செய்த செயல் பலரின் கோபத்திற்கு ஆளாயிற்று. போர் முடிந்த பின், நாசி ஆட்சியில் நாட்டை விட்டு நீங்காது பணியாற்றிய ஃபுர்ட்வெங்லருடன் 1947இல் ஒரே மேடையில் வாசித்தார். நம் நாட்டு லூசேர்ன் நகரிலும், பின்னர் பேர்லினிலும் அக்கச்சேரிகள் இடம்பெற்றன. ஃபுர்ட்வெங்லர் நாசிக் கட்சியில் சேராதவர் என்பதும், யூதக் கலைஞர் சிலருக்கு உதவியவர் என்பதும் விசாரணையில் வெளிவந்திருந்தன. எனினும் உற்றாரை இழந்த யூத மக்களால் அதனை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பேர்லினில் ஏதிலிகளுக்கென அவர் ஏற்பாடு செய்த கச்சேரிக்கு மிகச் சிலரே வந்தனர். மெனுஹின் ஒளிந்து கொள்ளவில்லை. அம்மக்களிடம் நேரிற் சென்று, தாம் அவ்வாறு செய்தமைக்கான காரணத்தை எடுத்துரைத்தார். ஆயினும் அவர்களின் மனக்காயம் ஆறிவிடவில்லை.

அவர் செய்தது சரியா, பிழையா? இவ்வினாவிற்கு விடை கூறுவது எமக்கு எளிதன்று. போரில் உறவுகளைப் பறிகொடுத்த நாம், அந்த வெற்று இருக்கைகளின் பொருளையும் அறிவோம். ஆயினும் ஒன்று தெளிவு. 1933இல் மறுத்தவரும் 1947இல் இணங்கியவரும் ஒருவரே. அநீதி ஆட்சி புரிந்தபோது அதற்குத் துணைபோக மறுத்தார். அது வீழ்ந்த பின் பகை தொடரலாகாது என்று நினைத்தார். இரண்டு வேளைகளிலும் யெஹுதி என்னும் பெயருடனேயே மேடையில் நின்றார். பிற்காலத்திலும் அவர் இவ்வாறே ஒழுகினார். 1991ஆம் ஆண்டு இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் விருது பெற்றபோது, அந்நாடு பலஸ்தீன மக்களை நடத்தும் முறையை அம்மன்றத்திலேயே கண்டித்துப் பேசினார். தன் இனத்தை நேசிப்பவனே அதன் தவற்றையும் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவன் என்பதை அச்செயலாற் காட்டினார்.

கீழைத்தேயத்தின் மாணவர்

சிறுவயதில் இயல்பாக வந்த வித்தை, முப்பது வயதைக் கடந்த பின் அவரைச் சோதித்தது. வில் பிடிக்கும் கை முன்போல் இசைந்து வரவில்லை. எவ்வாறு வாசிக்கின்றோம் என்று ஆராயாமலே வாசித்து வந்தவர், உலகப் புகழின் உச்சியில் நின்றுகொண்டு, அடிப்படையிலிருந்து மீண்டும் கற்கத் தொடங்கினார்.

அக்காலத்தில், 1952ஆம் ஆண்டு, இந்தியப் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா சென்றார். அங்கு நிகழ்த்திய கச்சேரிகளின் வருவாயைப் பஞ்ச நிவாரணத்திற்கு வழங்கினார். யோகாசனத்தில் ஆர்வம் கொண்டிருந்த அவரைச் சிரசாசனம் செய்து காட்டுமாறு நேரு கேட்டாராம். மெனுஹின் செய்தார். அதிற் குறை கண்ட நேரு, தாமே தலைகீழாக நின்று செய்முறையைக் காட்டினார் என்பது சுவையான செய்தியாகும். பம்பாயில் யோகாசான் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து அவருக்கு மாணவரானார். 1954இல் ஐயங்காரைக் கிஷ்டாட்டிற்கு வரவழைத்துப் பயின்றார். தமக்கு வாய்த்த வயலின் ஆசான்களுள் அவரே சிறந்தவர் என்னும் கருத்துப்படப் பொறித்த கைக்கடிகாரம் ஒன்றையும் அவருக்குப் பரிசளித்தார். வயலினையே தொடாத ஒருவரை வயலின் ஆசானாகப் போற்றிய அப்பணிவு நம் சிந்தனைக்குரியது.

இந்திய இசையிலும் அவர் பெருமதிப்புக் கொண்டார். தாம் வாசித்த வயலினை ஐரோப்பியரிடமிருந்து பெற்று, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் கர்நாடக இசைக்கு உரியதாக்கிவிட்டனர். நிலத்தில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காற்பாதத்திற் பதித்து வாசிக்கும் அம்முறையையே எம் பிள்ளைகள் சிலர் இன்று பயில்கின்றனர். சித்தார் மேதை ரவிசங்கருடன் மெனுஹின் இணைந்து வாசித்த இசைத்தட்டு 1960களில் உலகெங்கும் புகழ் பெற்றது. இளமையை யாழ்ப்பாணத்திற் கழித்து, 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் குடும்பத்துடன் இந்தியா திரும்பிய வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியமும் அவருடன் மேடையில் இணைந்து வாசித்தவர் என்பதை எம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

மலைக்கிராமத்தில் இசைவிழா

1950களில் மெனுஹின் குடும்பத்துடன் கிஷ்டாட்டில் தங்கலானார். குளிர்காலத்தில் விருந்தினரால் நிரம்பி வழிந்த அக்கிராமம் கோடையில் வெறிச்சோடிக் கிடந்தது. ஊரின் சுற்றுலாத்துறைப் பொறுப்பாளர், கோடையில் ஓரிரு கச்சேரிகள் செய்து உதவ இயலுமா என அவரைக் கேட்டார். உலகின் பெரிய மண்டபங்களில் வாசித்தவர் அவர். எனினும் அயலவர் ஒருவரின் வேண்டுகோளாக அதனை ஏற்றுக்கொண்டார்.

1957 ஓகஸ்ட் மாதத்தில் சானென் தேவாலயத்தில் இரண்டு கச்சேரிகள் நடைபெற்றன. பெல்சனில் தம்முடன் நின்ற பெஞ்சமின் பிரிட்டனையே மெனுஹின் மீண்டும் அழைத்திருந்தார். பாடகர் பீற்றர் பியர்ஸும், பிரெஞ்சு நாட்டு செல்லோ வித்துவான் மொறீஸ் ஜொந்த்றோனும் உடன் வந்தனர். வதைமுகாமில் உயிர் தப்பியோருக்காக இணைந்து வாசித்த இருவர், பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அமைதி நிலவும் மலையூர் ஒன்றில் மீண்டும் இணைந்து வாசித்ததை எண்ணும்போது எம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

இரண்டு கச்சேரிகளாகத் தொடங்கியது ஆண்டுதோறும் வளர்ந்தது. 1996ஆம் ஆண்டு வரை நாற்பது கோடைகள் அதனை அவரே முன்னின்று நடத்தினார். தேவாலயம் போதாமற் போகவே, 1980களின் பிற்பகுதியிற் பெரும் இசைக்குழுக்களுக்கெனக் கிஷ்டாட்டில் பெருங்கூடாரமும் அமைக்கப்பட்டது. இன்று அவ்விழா ஒவ்வொரு கோடையிலும் ஏறத்தாழ ஏழு வாரங்கள் நடைபெறும் பெருவிழாவாகத் திகழ்கின்றது. 1970இல் அவருக்குச் சுவிஸ் நாட்டின் கௌரவக் குடியுரிமை வழங்கப்பட்டது. புகுந்த ஊருக்குத் தம்மிடம் இருந்த சிறந்ததைக் கொடுத்தார். அவ்வூர் அவரைத் தன் மகனாக ஏற்றுக்கொண்டது.

ஆசானாக விளங்கியவர்

தனிமையில் வளர்ந்த மேதைச் சிறுவர் படும் இடரை மெனுஹின் தம் வாழ்விலேயே கண்டவர். ஆகவே 1963இல் இங்கிலாந்தில் இசைப் பாடசாலை ஒன்றை நிறுவினார். பிள்ளைகள் கூடி வாழ்ந்து, இசையுடன் ஏனைய பாடங்களையும் கற்க அதில் வழி செய்தார். 1977இல் கிஷ்டாட்டில் இளங்கலைஞருக்கான இசைக் கழகம் ஒன்றையும் தோற்றுவித்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில், இளம் இசைஞர்கள் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சென்று வாசிக்கும் அமைப்பொன்றையும் தொடக்கி வைத்தார். மண்டபத்திற்கு வர இயலாதவர்களிடம் இசை செல்ல வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

1985இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்றார். 1993இல் பிரபுப் பட்டமும் பெற்றார். 1999ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி, பேர்லின் நகரில், 82ஆம் வயதில் காலமானார். சிறுவனாக உலகை வியக்க வைத்த நகரும், யூதன் என்பதனால் வாசிக்க மறுத்த நகரும், பகை மறந்து மீண்டும் வாசித்த நகரும் அதுவே. அவரது உடல் இங்கிலாந்தில் அவர் நிறுவிய பாடசாலையின் வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

நாம் கொள்ள வேண்டியது

பெற்றோர்களே! யெஹுதியைப் போல் எம் பிள்ளைகள் யாவரும் ஏழு வயதில் மேடையேற வேண்டும் என்று எண்ணி அவர்களை வருத்துதல் வேண்டா. அம்மேதையே பிற்காலத்தில் பட்ட துன்பத்தை நினைவிற் கொள்வோம். அவர் பெற்றோரிடமிருந்து நாம் கற்க வேண்டியது வேறொன்று. பிறர் இகழ்ந்ததைக் கண்டு பிள்ளையின் அடையாளத்தை அவர்கள் மறைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! தன் இனத்தின் பெயரையே தன் பெயராகத் தாங்கியவர் பிற இனத்தவரை வெறுக்கவில்லை. ஜேர்மானியர், இந்தியர், ஆங்கிலேயர், சுவிஸ் மக்கள் என எல்லோருடனும் கூடி வாசித்தார். தன் பெயரை மறைக்காமலே, பிறர் பெயரையும் மதிக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. கோடை விடுமுறையில் வாய்ப்புக் கிட்டினால் பெற்றோருடன் சானெனுக்குச் சென்று அத்தேவாலயத்தைப் பாருங்கள்.

இறுதியாக ஒரு செய்தி. இவ்வாண்டு விழா மேடையில் பரிசு பெற வரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சுருக்காது முழுமையாக வாசிக்க நாம் எண்ணியுள்ளோம். எவ்வளவு நீளமான பெயராயினும் எமக்கு அவசரம் இல்லை. விழாவிற்கு முன் உங்கள் பெயரின் பொருளையும், அதனை உங்களுக்குச் சூட்டியவர் யார் என்பதையும் அம்மா அப்பாவிடம் கேட்டு அறிந்து வாருங்கள். அழைக்கும்போது நிமிர்ந்து நடந்து வாருங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க எம் பிள்ளைகள்!